கொடி கட்டிய ஃபியட்

மும்பை மாட்டுங்கா நாகரிகத்தின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டிய நாளொன்று நெருங்கிக்கொண்டிருக்கும் செய்தியை, கமலாலயா கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகை உலகத்துக்குத் தெரிவித்தது. வியாழக்கிழமை தண்ணீர் வராது என்ற சீட்டுக்கும், புறாவுக்குத் தானியம் போடுபவர்களுக்கான இறுதி எச்சரிக்கைக்கும் நடுவே, நாலு பக்கமும் சிவப்பு மையில் கோடு போட்ட ஒரு முழுத்தாள் தொங்கியது.

“வரும் சனிக்கிழமை, ராகுகாலம் கழிந்து, காலை 10.45 மணிக்கு, நமது வளாகத்தில் வீற்றிருக்கும் 1961ஆம் வருடத்து ஃபியட் 1100 பாரம்பரிய வாகனத்தின் ஒப்புக்கொண்ட காப்பீட்டு மதிப்பு நிர்ணயம் செய்யப்படும். அச்சமயம் கம்பளி உதறுதல், செடிக்குத் தண்ணீர் விடுதல், கிரிக்கெட் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு குடியிருப்போர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பார்வையாளர்கள் ஆறடி தள்ளி நிற்கவும்.”

எழுதியவர் வெங்கடேஸ்வரன். கையொப்பமிட்டவரும் அவரே. பார்வையாளர்கள் வருவார்கள் என்று நம்பிய ஒரே மனிதரும் அவர்தான்.

வயது அறுபத்தெட்டு. கோட்டைப் பகுதியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் கப்பல் சரக்கு இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவர். நனைந்த சர்க்கரை மூட்டைக்கும் நொறுங்கிய கண்ணாடிப் பெட்டிக்கும் பணம் கேட்டு வருகிறவர்களை, விண்ணப்பத்தின் பதினேழாவது கட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காகத் திருப்பி அனுப்பியே பதவி உயர்வு கண்டவர். ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். பிறகு ரயிலடிவரைக்கும் கூடவே வந்தார்கள். அன்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையிலேயே வண்டி ஏறுகிறாரா என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், கமலாலயாவை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். இருபத்திரண்டு மாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்த இடம் உண்டு. ஆனால் அது பூமிக்குள் தோண்டிய குழியில், இரும்புத் தட்டில் காரை ஏற்றி, மோட்டாரால் இறக்குகிற ஏற்பாடு. மேலே தரைத்தளத்தில், வாசலுக்கு நேரெதிரே, நிழலாக, வருகிற போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரே ஒரு இடம் மிஞ்சியது. மும்பையில் அப்படி ஓர் இடத்துக்காகப் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கக்கூடத் தயாராக இருக்கும் மனிதர்கள் உண்டு. வெங்கடேஸ்வரனுக்கும் அது வேண்டும். சங்கச் செயலாளர் அனந்தகிருஷ்ணனுக்கும் அது வேண்டும்.

வெங்கடேஸ்வரன் மூளையை உபயோகித்தார். பொதுக்குழுவில் தீர்மானம் ஒன்றைத் தாமே எழுதி, தாமே வாசித்து, எல்லோருக்கும் பசி வந்த நேரமாகப் பார்த்து நிறைவேற்றினார்: அந்த இடம் பாரம்பரிய வாகனத்துக்கு மட்டுமே, பாரம்பரியம் என்றால் காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்ட மதிப்பு பத்து லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எண்கள் மூலப்பதிவோடு ஒத்திருக்க வேண்டும். அனந்தகிருஷ்ணனிடம் இருந்ததும் பழைய கார்தான். ஆனால் அதன் பழமை வெறும் பதினாறு வருஷம். அதைப் பாரம்பரியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஓட்டை என்றுதான் சொல்வார்கள்.

ஃபியட்டுக்குப் பதினெட்டு லட்சம் என்று வெங்கடேஸ்வரன் முடிவு கட்டியிருந்தார். ஐந்து வருஷம் தாண்டிய வாகனத்தின் மதிப்பை, சொந்தக்காரரும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்பது விதி. “ஒப்புக்கறதுன்னா என்ன?” என்று மனைவி அம்மிணியிடம் ஒரு வாரமாக விளக்கிக்கொண்டிருந்தார். “நான் ஒரு தொகை சொல்லுவேன். அவா ஒத்துப்பா. அதாக்கும் ஒப்புக்கறது.”

“நீங்க ஆபீஸ்ல இருந்தப்போ அப்படியா நடந்தது?” என்றாள் அம்மிணி, வாழைக்காயை நறுக்கிக்கொண்டே.

“அது வேற. அப்போ நான் அந்தப் பக்கம் இருந்தேன்.”

சனிக்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டை, பழைய அலுவலக டை, கையில் நாற்பத்திரண்டு பக்கத்தில் கம்பிச் சுருள் போட்டுக் கட்டிய கோப்பு. கோப்பின் தலைப்பு: ‘ஒரு வாகனத்தின் வாழ்க்கை வரலாறு’. அதன் கிரீடம் ஒன்பதாம் பக்கம். 1964இல் மத்திய மந்திரி ஒருவர் அந்த ஃபியட்டில் பயணம் செய்ததற்கான புகைப்பட ஆதாரம் அங்கே ஒட்டியிருந்தது. படத்தில் காரின் கதவும், ஒரு கதர் முழங்கையும் தெரிந்தன. முழங்கை காரைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது போலவும் சிலருக்குத் தோன்றலாம். அப்படிப்பட்டவர்களோடு வெங்கடேஸ்வரன் பழகுவதில்லை.

அந்த மந்திரி விஷயத்தைச் சந்தேகமற நிலைநாட்டியது அவருடைய சொந்த ஆராய்ச்சி. காரின் இடப்பக்க மட்கார்டின்மேல், முன் கண்ணாடிக்குச் சற்று முன்னால், இரண்டு சிறு துளைகள் இருந்தன. மற்றவர்கள் கண்ணுக்கு ஓட்டை. அவர் கண்ணுக்கு அது மந்திரியின் கொடிக்கம்பம் நாட்டிய இடம். ஓய்வுபெற்ற வருஷம் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் அந்தத் துளையில் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, சாண் அளவுக் கொடி ஒன்றைப் பறக்கவிட்டு, பக்கத்தில் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்டார். பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் பக்கம்வரை அந்தப் படங்கள்தான்.

மதிப்பீட்டாளர் காரில் வருவார், கோட்டு போட்டிருப்பார் என்று எதிர்பார்த்தார். ஸ்கூட்டரில் ஒருவன் வந்து இறங்கினான். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, காதில் பென்சில்.

“பேச்சிராஜா, சார். சர்வேயர்.”

“எங்கேர்ந்து வரேள்?”

“தாராவி.”

“ஓ. தாராவி.” வெங்கடேஸ்வரன் அந்தச் சொல்லை நாக்கின் நுனியில் வைத்து எடை பார்த்தார். “அங்கே லெதர் பிஸினஸ்னா நிறைய?”

“ஆமா சார். சர்வேயரும் இருக்கோம். லைசென்ஸ் காட்டட்டா?”

லைசென்ஸைக் காட்டினான். வெங்கடேஸ்வரன் அதைக் கண்ணாடியை உயர்த்தி, தாழ்த்தி, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவனுக்குக் காகிதக் கப்பில் மோர் கொடுக்கலாம் என்று அவர் கண்ணால் ஜாடை காட்டுவதற்குள் அம்மிணி வெள்ளி டம்ளரில் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். சம்பந்தி வந்தால் மட்டும் வெளியே வருகிற டம்ளர் அது.

ஆறடி தள்ளி நிற்பதற்கென்று அனந்தகிருஷ்ணன் மட்டும் வந்திருந்தார். கையில் தீர்மானத்தின் நகல் இருந்தது.

“என்ன சார், கிரிக்கெட்டை நிறுத்திட்டேள். பசங்கள்ளாம் சாபம் குடுக்கறது,” என்றார்.

“சரித்திரம் நடக்கறச்சே பசங்க கொஞ்சம் காத்துண்டிருக்கலாம்,” என்றார் வெங்கடேஸ்வரன்.

தார்ப்பாய் நீங்கியது. பால்நிறத்தில் கார் பளபளத்தது. பேச்சிராஜா ஒரு சுற்று சுற்றினான். கதவைத் தட்டிப் பார்த்தான். குனிந்து டயரைத் தடவினான்.

“டயர் புதுசா சார்? பட்டன் தேயவே இல்ல.”

“ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டினா டயர் தேயாது,” என்றார் வெங்கடேஸ்வரன். அனந்தகிருஷ்ணனுக்கு இருமல் வந்தது.

பிறகு கோப்பு வாசிப்பு தொடங்கியது. முன்னுரை, நன்றியுரை, தகப்பனார் இந்தக் காரை வாங்கிய அன்று கிங்ஸ் சர்க்கிளில் கூடிய கூட்டம் எல்லாம் முடிந்து முழங்கைக்கு வந்தபோது பேச்சிராஜா மரியாதையாகவே குறுக்கிட்டான்.

“சார், அது பூராவும் நான் வீட்டுல போய்ப் படிக்கேன். இப்ப சேஸிஸ் நம்பர் மட்டும் ஒரு டிரேஸ் எடுத்துக்கிடுதேன். கம்பெனில மொதல்ல அதத்தான் கேப்பாங்க.”

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டியின் எண் பொறித்த இடத்தில் ஒரு மெல்லிய தாளை ஒட்டி, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், எழுத்துகள் தாளில் எழும்பி வரும். இந்த நாட்டில் ஒரு வாகனம் தான் யார் என்பதை நிரூபிக்க அந்தப் பென்சில் தேய்ப்பு போதும். முழங்கை செல்லாது.

“தாராளமா எடுங்கோ!” வெங்கடேஸ்வரன் முகம் மலர்ந்தது. பானெட்டைத் திறந்தார். என்ஜினுக்குப் பின்னால் இருந்த இரும்புத் தடுப்பில், உள்ளங்கையளவு பித்தளைத் தகடு ஒன்று சந்தனப் பொட்டும் குங்குமமுமாகச் சூரியனைப்போல் ஜொலித்தது. “பாத்தேளா? எத்தனை கார் பாத்திருப்பேள், இப்படி ஒரு நம்பர் பிளேட் பாத்திருக்கேளா? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு என் கையால தேய்க்கறதாக்கும். இதை மட்டும் யார்ட்டயும் விடமாட்டேன். மொதல்ல புளி. அப்புறம் சாம்பல். அப்புறம் எலுமிச்சம்பழத் தோல். கடைசில பித்தளைப் பாலீஷ். அப்பா இருபத்தஞ்சு வருஷம் தேய்ச்சார். நான் முப்பத்தாறு வருஷம்.”

“அப்ப அறுபத்தோரு வருஷம்,” என்றான் பேச்சிராஜா. குரலில் ஏதோ கவலை தெரிந்தது.

தாளை ஒட்டினான். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தான். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தான்.

சாம்பல் நிறத்தில் ஒரு நீள்சதுரம். மழைக்கு முந்திய வானம்போல் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

“நம்பர் எங்க சார்?”

“அதுலதான் இருக்கு.”

“இதுல ஒண்ணுமில்லையே.”

வெங்கடேஸ்வரன் தகட்டின்மேல் குனிந்தார். அறுபத்தோரு வருஷத்துப் புளியும் சாம்பலும் பக்தியும் சேர்ந்து, ஓர் எழுத்து மிச்சமில்லாமல், அதைக் கண்ணாடியாக்கி வைத்திருந்தன. அவருடைய மூக்கு அதில் தெளிவாகத் தெரிந்தது. பூஜைப் பாத்திரத்தைத் தேய்க்கலாம், அதில் தாத்தா பெயர் அழிந்தாலும் பாயசம் கொள்ளும். ஒரு வண்டிக்கு இருக்கும் ஒரே ஜாதகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட்டு, அதற்குப் பொட்டும் வைத்த முதல் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

“நன்னா தேச்சிருக்கேள்,” என்றார் அனந்தகிருஷ்ணன். ஆறடி இப்போது மூன்றடியாகியிருந்தது. “எங்காத்து மாமிகூட இப்படித் தேய்க்கமாட்டா.”

“சரி, விடுங்க சார்,” என்றான் பேச்சிராஜா. “தகடு போனா என்ன, இரும்புலயே இன்னொரு வாட்டி அடிச்சிருப்பான். பெயிண்டுக்கு அடியில இருக்கும். சொரண்டி எடுக்க நம்மாளு ஒருத்தர் இருக்காவ. பத்து நிமிசத்துல வந்துருவாவ.”

வெங்கடேஸ்வரனுக்கு உயிர் வந்தது. “பாத்தீரா? அந்தக் காலத்து வேலை! தொலைநோக்கு!” என்று அனந்தகிருஷ்ணனைப் பார்த்துச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் வரவில்லை. சயான் சிக்னலில் மாட்டி அரை மணி ஆயிற்று. வந்தவர் சுயம்பு. அறுபது தாண்டிய வெல்டர். ஒரு கையில் கம்பி பிரஷ், இன்னொரு கையில் பெயிண்டு கரைக்கிற டப்பா. வளாகத்துக்குள் நுழைந்து நாலடி நடந்தவர் அப்படியே நின்றார்.

“ஏ, இது கணக்கப்பிள்ள அய்யரு வண்டில்லா!”

“தலைமைக் கணக்கர்,” என்று திருத்தினார் வெங்கடேஸ்வரன். “என் தகப்பனார். உமக்குத் தெரியுமோ?”

“தெரியாமலா? எங்க முதலாளி கேரேஜ்ல கெடந்த வண்டிய்யா இது. எம்பத்தாறு மழையில. நீங்க அப்ப ஊர்ல இல்ல போல.”

வெங்கடேஸ்வரனை அந்த மழைக்காலத்துக்கு மட்டும் நாக்பூர் கிளைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆரஞ்சுப் பழக் கூடைகளின் இழப்பீட்டை நிராகரித்துக்கொண்டிருந்தார்.

“சர்வீஸுக்கு விட்டிருப்பார்,” என்றார்.

சுயம்பு டப்பாவைத் திறந்தார். பேச்சிராஜா காட்டிய இடத்தில் மருந்தைத் தடவி, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் குங்குமம் போயிற்று. அடுத்து மஞ்சள். அடுத்து மூன்று பட்டை விபூதி. அதற்கும் கீழே பால்நிறப் பெயிண்டு சுருண்டு உதிர்ந்தது. அதற்கும் கீழே கறுப்பு.

அட்டைக் கறுப்பு.

“அதென்ன கறுப்பு?” என்றார் வெங்கடேஸ்வரன். “துரு தடுக்கற பூச்சா?”

“இல்லய்யா.”

“பின்னே?”

சுயம்பு பேச்சிராஜாவைப் பார்த்தார். பேச்சிராஜா வேறு பக்கம் பார்த்தான். ஆனாலும் பென்சிலை எடுத்து, வெளிவந்த எண்ணின்மேல் தாளை ஒட்டித் தேய்த்தான். இந்த முறை எழுத்துகள் சிப்பாய்கள்போல் வரிசையாக எழுந்து நின்றன. பதிவுப் புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டான். வருஷம் வேறு, வரிசை வேறு. எத்தனை எண்கள் என்பதில் மட்டும்தான் ஒற்றுமை இருந்தது.

“சொல்லுங்கண்ணாச்சி,” என்றான். “சொல்லித்தான ஆகணும்.”

“அந்த மழையில கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்கடியில வண்டி மூணு நாளு முங்கிக் கெடந்துச்சு. முன்பக்கம் பூராவும் அரிச்சுப் போச்சு. புது பாடிக்குப் பணம் சொன்னோம். அய்யரு, ‘அவ்வளவுல்லாம் முடியாதுடா, இருக்கறத வச்சு ஒட்டு’ன்னுட்டாரு. அந்தால குர்லாவுல பழைய இரும்புக்கு வந்த டாக்ஸி ஒண்ண வாங்கி, கதவுக்கு முன்னால வெட்டி எடுத்து, இதோட ஒட்டுனோம். பத்த வச்சது நாந்தான். அந்தத் தகட்டக் கழத்தி இதுல மாட்டுனதும் நாந்தான்.” சுயம்பு மட்கார்டைப் பாசமாகத் தட்டினார். “இன்னிக்கும் ஒட்டு விடல பாத்தியளா?”

கட்டடத்தின்மேல் ஒரு புறா இறக்கையடித்தது. பேச்சிராஜா முன் கண்ணாடியின் பக்கத்துத் தூணில் மேல்விளிம்பை நகத்தால் சுரண்டினான். அங்கே மஞ்சள் வந்தது. கீழே கறுப்பு, மேலே மஞ்சள். மும்பையில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை, கைநீட்டினால் நிற்கும்.

“டாக்ஸி,” என்றார் அனந்தகிருஷ்ணன், பிரசாதம் வாங்குகிறவர்போல.

“பாதிதான்!” என்று வெங்கடேஸ்வரன் கத்தினார். “பின்பக்கம் ஒரிஜினல்! மந்திரி உக்காந்தது பின்சீட்டிலதானே? அது அப்படியே இருக்கே! கொடிக்கம்பம் இருக்கே! பதிமூணாம் பக்கம் பாருங்கோ!” பேச்சிராஜாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த இரண்டு துளைகளைக் காட்டினார். “இது எதுக்குன்னு நினைச்சேள்?”

பேச்சிராஜா குனிந்து பார்த்தான். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு துளைகளுக்கும் இடையில் வைத்துப் பார்த்தான். அவனுக்கு அதைச் சொல்ல இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாங்குகிற கூலிக்கு எல்லா உண்மையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சுயம்புதான் கபடில்லாமல் சொன்னார்.

“மீட்டரு மாட்டுன ஓட்டைய்யா அது.”

மந்திரியின் கொடி அந்தக் கணத்தில் இறங்கியது. பதினோரு சுதந்திர தினம் வெங்கடேஸ்வரன் டை கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, வணக்கம் வைத்து நின்றது ஒரு டாக்ஸி மீட்டரின் ஸ்க்ரூ ஓட்டைக்கு.

அம்மிணி காலி டம்ளரை எடுக்க வந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமில்லை. “அதான் அந்தக் காலத்துல முன்சீட்ல ஏறினாலே, ‘எங்கே போகணும்?’னு யாரோ கேக்கறாப்பல இருக்கும் நேக்கு,” என்றாள்.

“நீ உள்ளே போ!”

“போறேன். உள்ளே வரச்சே சில்லறை கொண்டு வாங்கோ.”

வெங்கடேஸ்வரன் பேச்சிராஜாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். குரல் தழைந்தது. கப்பல் சரக்குக்காரர்கள் அவருடைய மேஜைக்கு முன்னால் பேசிய குரல் அது. முப்பத்தோரு வருஷம் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். “தம்பி, நீங்க நம்மூர்க்காரர். கொஞ்சம் அனுசரிச்சு... பதினெட்டு வேண்டாம். பத்து போடுங்கோ. பத்தே பத்து. உமக்கும் தெரியும், இது ஒரு குடும்பத்தோட மானம்.”

“சார், நம்பரே ஒத்துவரல. ‘மதிப்பில்ல’ன்னு எழுதித் தள்ளிருக்கணும் நான். ஏதோ அண்ணாச்சி பத்த வச்சதுங்கதால பழைய பாகம் மாத்தினதுன்னு ஒரு வரி போட்டு, ரெண்டு பேரும் ஒப்புக்கிடுத மாதிரி ஒரு தொக எழுதுதேன்.” எழுதினான். திருப்பிக் காட்டினான்.

நாற்பதாயிரம் ரூபாய்.

“இதுல பின்சீட்டுக்குத் தனியா ஏதாவது—”

“சேத்துத்தான் சார்.”

வெங்கடேஸ்வரன் விண்ணப்பத்தை வாங்கி, பழக்கதோஷத்தால் பதினேழாவது கட்டத்தைத் தேடினார். புள்ளிகூட விட்டுப்போகவில்லை. தாராவிக்காரன் சுத்தமாக எழுதியிருந்தான். மறுத்தால் காப்பீடே கிடையாது. ‘நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே, தம் வாழ்நாளில் முதல்முறையாக, எதிர்ப்பக்கத்து நாற்காலியில் இருந்து அவர் கையெழுத்திட்டார்.

அனந்தகிருஷ்ணன் தீர்மான நகலைப் பிரித்தார். “பத்து லட்சத்துக்குக் குறையாமல்,” என்று உரக்கப் படித்தார். “எண்கள் மூலப்பதிவோடு ஒத்திருக்க வேண்டும். சார், என்ன அழகான பாஷை! நீங்க எழுதினதுதானே?”

வெங்கடேஸ்வரன் தார்ப்பாயைக் கையில் எடுத்தார்.

“மேல் இடத்தைக் குழு பாத்துக்கும்,” என்றார் செயலாளர். “உங்க வண்டி எல்லார் வண்டியும் மாதிரி குழிக்குள்ளேதான். பரவால்லே, தட்டு ஆட்டோமேட்டிக். நாம வண்டியை ஓட்டிண்டு போய்த் தட்டுமேல நிறுத்தினாப் போறும். பில்டரோட ஆள் இப்போ கேட்டண்ட நிக்கறான், அளவெடுக்க. கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி கேட்டுவரைக்கும் கொண்டு வாங்கோளேன்.”

அந்த ஃபியட் கடைசியாக ஓடியது 2007இல்.